கரைந்தது எங்கே போனது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தறைகளுக்கு நடுவே உள்ள ஒரு கிராமம். மாதர் சங்கக் கூட்டம் முடிந்து பெண்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. கைக்குழந்தையோடு வந்திருந்த இளம் தாய் ஒருவர், புட்டிப் பால் கரைப்பதற்குத் தோட்டக் கிணற்றுத் தண்ணீரையே பாவிப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அருகில் நின்ற குடும்ப நல உத்தியோகத்தர் அதைக் கேட்டதும் நின்றுவிட்டார்.

"அந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்க வேண்டாம் தங்கச்சி."

"ஏன் மிஸ்? பத்து நிமிசம் நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறன்?"

"கொதிக்க வைச்சால் கிருமி சாகும். பசளை சாகாது."

"பசளை தோட்டத்துக்கெல்லே போடுறது? அது மழையோட கரைஞ்சு போச்சுதே!"

இந்தக் கடைசி வார்த்தையை நாம் எல்லோரும் நாளாந்தம் சொல்கிறோம். சீனி கரைந்து போயிற்று, உப்புக் கரைந்து போயிற்று, யூரியா கரைந்து போயிற்று என்கிறோம். கண்ணுக்குத் தெரியாமற் போனதை இல்லாமற் போனதாகவே எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் கரைந்த எதுவும் இல்லாமற் போவதில்லை. சில பொருள்கள் நீருக்குள் தாம் இருந்தபடியே இருக்கின்றன. வேறு சில, நீரோடு சேர்ந்து முற்றிலும் புதிய பொருள்களாக மாறிவிடுகின்றன. முதலாவதைப் பௌதிக மாற்றம் என்றும், இரண்டாவதை இரசாயன மாற்றம் என்றும் பாடசாலையிற் படிக்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் அடுப்படியிலும் தோட்டத்திலும் கிணற்றடியிலும் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நமது உடல்நலத்துக்கும் தொழிலுக்கும் மிக அவசியமாகும்.

உப்பும் சீனியும்

ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கினால் சீனி மறைந்துவிடுகிறது. ஆனால் இனிப்பு மறையவில்லை. 100 கிராம் நீரில் 10 கிராம் சீனியைக் கரைத்து நிறுத்துப் பார்த்தால் தராசு 110 கிராம் காட்டும். சீனியின் மூலக்கூறுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நீர் மூலக்கூறுகளுக்கு இடையே பரவியிருக்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஆகவே இது பௌதிக மாற்றமாகும்.

கறியுப்புக் கரையும் விதம் சற்று வேறானது. உப்பு என்பது சோடியம் அயன்களும் குளோரைட்டு அயன்களும் ஒழுங்காக அடுக்கப்பட்ட ஒரு பளிங்கு. நீர் மூலக்கூற்றின் ஒட்சிசன் பக்கத்தில் சிறிதளவு மறை ஏற்றமும், ஐதரசன் பக்கத்தில் சிறிதளவு நேர் ஏற்றமும் உண்டு. இதனால் நீர் மூலக்கூறுகள் பளிங்கின் அயன்களைப் பிடித்திழுத்துத் தனித்தனியே சூழ்ந்துகொள்கின்றன. ஆயினும் புதிய பொருள் எதுவும் உண்டாவதில்லை. நீரை ஆவியாக விட்டால் அதே உப்பு மீண்டும் கிடைக்கிறது.

இதற்குப் பெரிய சான்று நமது உப்பளங்களே. கடல் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. பாத்திகளில் கடல் நீரைத் தேக்கினால் வெயிலும் காற்றும் நீரைக் கொண்டுபோகின்றன. கரைசல் செறிவடையும்போது கல்சியம் சல்பேற்றுப் படிகிறது. பின்னர் கறியுப்புப் படிகிறது. கசப்புச் சுவையுள்ள மக்னீசிய உப்புகள் எஞ்சிய நீரில் தங்கிவிடுகின்றன. ஆனையிறவிலும் மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் உப்பு விளைவிப்போர் செய்வது இந்தப் பௌதிக மாற்றத்தைத் திருப்பி நடத்துவதேயாகும்.

இங்கே இரண்டு நடைமுறைப் பாடங்கள் உண்டு. முதலாவது, ஒரு பொருள் மாறாமற் கரைந்திருந்தால், அதன் நன்மையும் தீமையும் மாறாமலே இருக்கும். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு நாம் கொடுக்கும் ஜீவனிக் கரைசல் பயன் தருவது இதனால்தான். அதிலுள்ள குளுக்கோசும் உப்புகளும் நீரிற் கரைந்தாலும் தம் இயல்பை இழப்பதில்லை. கொதித்து ஆறிய நீரிலேயே அதைக் கரைக்க வேண்டும். கரைத்த பின்னர் கொதிக்க வைக்கக் கூடாது. 24 மணித்தியாலத்துக்குள் முடியாததை ஊற்றிவிட வேண்டும். பக்கற் கிடைக்காத நேரத்தில், ஒரு லீற்றர் நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கொடுக்கலாம். அளவு பிசகக் கூடாது. உப்புக் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து.

இரண்டாவது, கல்லுப்பை அழுக்குப் போகக் கழுவிப் பாவிக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. உப்புக்கு அயடீன் சேர்ப்பது இலங்கையில் 1995 ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டது. கழலை நோயைத் தடுக்கச் சேர்க்கப்படும் அந்த அயடீன் உப்பு, பளிங்கின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பது. அதுவும் நீரில் நன்றாகக் கரையும். கழுவிய நீரோடு அது போய்விடும். கழுவியவருக்கு எஞ்சுவது வெறும் உப்பு மட்டுமே.

சுண்ணாம்பு நீறும்போது

இனி மற்ற வகையைப் பார்ப்போம். சுண்ணக்கல்லையோ முருகைக்கல்லையோ சூளையிற் சுட்டால் காபனீரொட்சைட்டு வாயு வெளியேறி, நீறாத சுண்ணாம்பு எஞ்சுகிறது. தூய சுண்ணக்கல் 100 கிலோ சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போக, 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். இந்த நீறாத சுண்ணாம்பின் மீது நீர் தெளித்தால் அது சீறுகிறது, ஆவி பறக்கிறது, கட்டி பிளந்து மாவாகிறது. 56 கிலோ சுண்ணாம்பு 18 கிலோ நீரை உட்கொண்டு 74 கிலோ நீறிய சுண்ணாம்பாகிறது. உட்கொள்ளப்பட்ட நீர் ஈரமாக இருக்கவில்லை. அது சுண்ணாம்பின் ஒரு பகுதியாகவே மாறிவிட்டது. கல்சியம் ஒட்சைட்டு என்ற பொருள் மறைந்து, கல்சியம் ஐதரொட்சைட்டு என்ற புதிய பொருள் பிறந்துள்ளது. வெயிலில் எவ்வளவு காய வைத்தாலும் பழைய பொருள் திரும்பி வராது. இது இரசாயன மாற்றம்.

இந்த மாற்றத்தின்போது வெளிப்படும் வெப்பம் மிகக் கடுமையானது. வீடு கட்டும் இடங்களில் சுண்ணாம்புக் குழியருகே பிள்ளைகளை விளையாட விடலாகாது. கண்ணில் நீறாத சுண்ணாம்பு பட்டால், அது கண்ணீரோடு சேர்ந்து கண்ணுக்குள்ளேயே நீறத் தொடங்கும். உடனே துணிக்கைகளை அகற்றி, நிறையச் சுத்தமான நீரை ஓடவிட்டுக் குறைந்தது 20 நிமிடம் கழுவியபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கொஞ்ச நீரால் துடைத்து விடுவது தீமையைக் கூட்டும்.

எப்படி வேறுபடுத்தி அறிவது?

ஒரு பொருள் நீரில் மாறிவிட்டதா, மாறாமல் இருக்கிறதா என்பதை அறியச் சில அடையாளங்கள் உண்டு. வாயுக் குமிழி வருதல், நிறம் மாறுதல், புதிய படிவு அடியிற் சேர்தல், சூடு அல்லது குளிர் உண்டாதல், நீரை ஆவியாக்கினால் பழைய பொருள் திரும்பாமை என்பனவே அவை. ஆனால் எந்த ஓர் அடையாளத்தையும் தனியே நம்பி முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

வெப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பிடி யூரியாவை ஒரு போத்தல் நீரிற் கரைத்துப் பாருங்கள். போத்தல் கையில் சில்லிடும். ஆனால் யூரியா மாறவில்லை. மூலக்கூறுகளைப் பிரிப்பதற்கு வேண்டிய சக்தி நீரின் வெப்பத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். மறுபுறம், சவர்க்காரம் செய்யும் மாதர் குழுக்கள் பாவிக்கும் கோஸ்ரிக் சோடாவை நீரிற் போட்டால் நீர் கொதிக்குமளவுக்குச் சூடேறலாம். அதிலும் சோடியம் அயன்களும் ஐதரொட்சைட்டு அயன்களும் பிரிவதைத் தவிரப் புதிய பொருள் எதுவும் தோன்றுவதில்லை. ஆகவே சூடும் குளிரும் மட்டும் இரசாயன மாற்றத்துக்குச் சான்றாகா.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கோஸ்ரிக் சோடாவை எப்போதும் நீருக்குள் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தை ஒருபோதும் பாவிக்கக் கூடாது. அலுமினியத்தோடு அது இரசாயனத் தாக்கம் புரிந்து, தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவை வெளிவிடும். பாத்திரமும் அரிக்கப்படும். இக்கரைசலைத் தேங்காயெண்ணெயோடு சேர்த்துக் கலக்கும்போதுதான் உண்மையான இரசாயன மாற்றம் நிகழ்ந்து சவர்க்காரமும் கிளிசரீனும் உண்டாகின்றன.

வாயுக் குமிழியும் அப்படியே. சோடாப் போத்தலைத் திறந்ததும் பொங்கும் குமிழிகள், அழுத்தத்தால் நீரிற் கரைத்து வைத்த காபனீரொட்சைட்டு வெளியேறுவதால் வருபவை. அப்பச்சோடாவைக் கரைத்த நீரில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தால் வரும் குமிழிகளோ, புளியிலுள்ள அமிலமும் சோடாவும் தாக்கம் புரிந்து புதிதாகத் தோன்றிய வாயுவினால் வருபவை. பார்வைக்கு இரண்டும் ஒன்று, நிகழ்ச்சி வெவ்வேறு.

எல்லைக்கோட்டில் நிற்பவையும் உண்டு. மயில்துத்தத்தைச் சூடாக்கி அதன் பளிங்கு நீரை வெளியேற்றினால் அது வெள்ளைத் தூளாகும். அதன்மேல் ஒரு துளி நீர் விட்டால் உடனே நீலமாகிச் சூடேறும். நீர் அங்கே பிணைப்பில் ஈடுபடுவதால் இது வெறும் ஈரமாதல் அன்று. ஆனால் சூடாக்கினால் மீளவும் வெள்ளைத்தூள் கிடைக்கும். ஆகையால் "ஆவியாக்கித் திரும்பப் பெறலாமா" என்ற கேள்வி நல்ல வழிகாட்டியே தவிர, மீற முடியாத விதியன்று. உள்ளிருக்கும் பொருள் அதே பொருளா என்பதே அடிப்படைக் கேள்வி.

வீட்டிற் செய்யக்கூடிய ஒரு பரிசோதனை

வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகையை ஒரு போத்தல் நீரிலிட்டுக் குலுக்கி இரவு முழுவதும் அசையாது வையுங்கள். பெரும்பகுதி அடியிற் படிந்துவிடும். ஏனெனில் ஒரு லீற்றர் நீரில் இரண்டு கிராமுக்கும் குறைவான நீறிய சுண்ணாம்பே கரையும். மேலே உள்ள தெளிந்த நீரை மெல்ல வடித்து ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்துக்கொள்ளுங்கள். இதுவே சுண்ணாம்பு நீர். பப்பாசி இலைக் காம்பைக் குழாயாக்கி அந்த நீருக்குள் ஊதுங்கள். உறிஞ்சக் கூடாது. சிறிது நேரத்தில் தெளிந்த நீர் பால்போல வெளுக்கும். உங்கள் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு, கரைந்திருந்த சுண்ணாம்போடு சேர்ந்து, கரையாத சுண்ணக்கல்லை மிக நுண்ணிய தூளாக உண்டாக்கியிருக்கிறது. சூளையில் பிரிந்துபோன வாயு மீண்டும் வந்து சேர்ந்துவிட்டது எனலாம்.

பொறுமையோடு தொடர்ந்து ஊதினால் அந்த வெண்மை மெல்ல மறைந்து நீர் மீண்டும் தெளியும். வாயு மேலும் சேர்வதால் சுண்ணக்கல், கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்றாக மாறிவிடுகிறது. இப்போது அந்த நீரைக் கொதிக்க வைத்தால் வாயு வெளியேறி வெண்படிவு மறுபடியும் தோன்றும். ஒரு குவளைக்குள் நிகழும் இந்த மாற்றங்களே யாழ்ப்பாண மண்ணுக்கு அடியிலும் பல ஆயிரம் ஆண்டுகளாக நிகழ்ந்து வருகின்றன.

நமது நிலத்துக்கு அடியில்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழை நீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி நிற்பதே நமது செல்வம். சுண்ணக்கல் தூய நீரில் மிகச் சிறிதளவே கரையும். ஆனால் மழை நீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக மண்ணில் உக்கும் இலைதழைகளிலிருந்தும் காபனீரொட்சைட்டை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அது பாறையைத் தாக்கி, இருகாபனேற்றாக்கிக் கரைத்துச் செல்கிறது. இது இரசாயனக் கரைதல். புத்தூருக்கு அருகே உள்ள நிலாவரைக் கிணறு இவ்விதம் பாறை கரைந்து உண்டான குழியே. கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதற்கும் இவ்வாறு உண்டான நிலத்தடி வழிகளே காரணம்.

கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் கல்லும் இதன் மறுபக்கந்தான். கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும்போது இருகாபனேற்றுச் சிதைந்து சுண்ணக்கல் படிகிறது. சவர்க்காரம் நுரைக்காத வன்னீர் கொதித்த பின் ஓரளவு மென்னீராவதும் இதனால்தான். சிறிது வினாகிரி விட்டு ஊறவைத்தால் அந்தப் படிவு நுரைத்துக் கரையும்.

ஆனால் கிணறு உவராகும்போது கொதிக்க வைப்பது உதவாது. நன்னீர், கடல் நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லைபோல நிலத்தடியில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இயந்திரம் பூட்டி அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் மேலேறத் தொடங்கும். அது பௌதிகக் கலப்பு. அந்த உப்பை வெளியேற்ற மழையைத் தவிரக் கிணற்றுக்கு வேறு எளிய மருந்து இல்லை.

தோட்டத்தில் ஓர் உதாரணம்

பிரான்சின் போர்டோப் பகுதியில் முந்திரிகைத் தோட்டங்களைப் பூஞ்சண நோய் தாக்கியபோது, மில்லார்டே என்ற தாவரவியலாளர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை 1885 இல் வெளியிட்டார். இன்றும் உருளைக்கிழங்கு, தக்காளி, முந்திரிகைச் செய்கையாளர் அறிந்த போர்டோக் கலவை இதுவே. ஒரு வீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லீற்றர் நீர் வேண்டும்.

மயில்துத்தத்தை மட்டும் நீரிற் கரைத்தால் அது வெறும் கரைசல். அதைத் தெளித்தால் இலை கருகும்; ஒரு மழையோடு கழுவுண்டும் போகும். சுண்ணாம்புப் பாலோடு சேரும்போது இரசாயன மாற்றம் நிகழ்ந்து, நீரில் இலகுவிற் கரையாத வான்நீலப் படிவு உண்டாகிறது. அதுவே இலையில் ஒட்டிநின்று சிறிது சிறிதாகச் செம்பை வெளிவிட்டுப் பூஞ்சணத்தைத் தடுக்கிறது. இரண்டையும் தனித்தனியே பாதி நீரிற் கரைத்து, மூன்றாவது பாத்திரத்தில் ஒரே நேரத்தில் ஊற்றிக் கலக்க வேண்டும். மண் அல்லது பிளாஸ்ரிக் பாத்திரமே உகந்தது. இரும்பு வாளியில் மயில்துத்தத்தைக் கரைத்தால் செம்பு வாளியில் படிந்து, இரும்பு கரைசலுக்குள் போய்விடும். கலவை சரியா என்று அறிவதற்கும் இதுவே வழி. தீட்டிய கத்தி அலகை ஒரு நிமிடம் அதில் அமிழ்த்துங்கள். செந்நிறம் படிந்தால் மாறாத மயில்துத்தம் எஞ்சியுள்ளது. மேலும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். கலவையை அன்றைய தினமே தெளித்து முடிக்க வேண்டும்.

கிணற்றுக்குக் குளோரீன்

வெள்ளத்தின் பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்கு இடும் குளோரீன் தூள் நீரோடு தாக்கம் புரிந்து ஐப்போகுளோரசு அமிலத்தைத் தருகிறது. கிருமியைக் கொல்வது அந்த அமிலமே. கொல்லும் வேலையும் ஒரு இரசாயன மாற்றமாகையால் அதற்கு நேரம் தேவை. குறைந்தது 30 நிமிடமாவது விட வேண்டும். கிணற்றுக்கு ஓர் இரவு விடுவது நல்லது. கலங்கிய நீரிலும் குப்பை நிறைந்த நீரிலும் குளோரீன் அந்த அழுக்கோடு தாக்கம் புரிந்தே தீர்ந்துபோகும். ஆகவே முதலில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க வேண்டும். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு குளோரீன் தூளைக் கலந்தால் நச்சு வாயு வெளிவரும். இரண்டையும் ஒரே இடத்தில் வைப்பதும் தவறு.

பசளையின் பயணம்

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். யூரியாவில் 46 வீதம் நைதரசன் உண்டு. மழையிலோ வாய்க்கால் நீரிலோ அது கரைவது பௌதிக மாற்றம் என்று கண்டோம். மண்ணுக்குள் போன பின்னரே இரசாயன மாற்றங்கள் தொடங்குகின்றன. மண்ணிலுள்ள யூரியேசு என்ற நொதியம் அதை அமோனியமாக்குகிறது. அமோனியம் மண் துணிக்கைகளோடு ஒட்டி நிற்கக்கூடியது. பின்னர் மண்ணின் பக்ரீரியாக்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. பயிர் விரும்பி உறிஞ்சுவது இதைத்தான். ஆனால் நைத்திரேற்று மண்ணில் ஒட்டுவதில்லை. பயிர் எடுக்காமல் விட்ட மிச்சம் அடுத்த இறைப்போடும் மாரி மழையோடும் கீழே இறங்கிப் பாறை வெடிப்பு வழியே கிணற்றை அடைகிறது. அங்கே அது உப்பைப் போலவே மாறாமற் கரைந்திருக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையிலும் தெரியாது. எருவும், அருகிலுள்ள மலசலகூடக் குழியின் கசிவும் இதே நைத்திரேற்றைத் தரும்.

குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ யூரியாவின் நைதரசன் முழுவதும் நைத்திரேற்றானால் ஏறத்தாழ 2 கிலோ வரும். அது அப்படியே இறங்கினால், 40,000 லீற்றர் தூய நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. பயிருக்குப் போகாத ஒவ்வொரு கிலோவும் பணத்துக்கும் நட்டம், கிணற்றுக்கும் நட்டம்.

சிறு குழந்தையின் வயிற்றில் நைத்திரேற்று, நைத்திரைற்றாக மாறுகிறது. அது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை மாற்றி, ஒட்சிசனைச் சுமக்க இயலாததாக்குகிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும், மூச்சு முட்டும், உயிருக்கும் ஆபத்து நேரலாம். கிணற்று நீருக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்ற வைத்தியர் 1945 இல் எடுத்துரைத்தார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப் பால் குடிக்கும் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

கொதிக்க வைத்தால் கிருமி என்ற உயிர் அழிகிறது. நைத்திரேற்று உயிரன்று, நீராவியோடு போவதும் இல்லை. லீற்றருக்கு 40 மில்லிகிராம் உள்ள இரண்டு லீற்றர் நீர் கொதித்து ஒரு லீற்றராக வற்றினால், அதில் 80 மில்லிகிராம் இருக்கும். கொதிக்கக் கொதிக்க அது கூடுகிறதே தவிரக் குறையவில்லை. துணியால் வடித்தாலும், குளோரீன் இட்டாலும் அது போகாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. புட்டிப் பால் தவிர்க்க முடியாத வீட்டில், பரிசோதித்துத் தகுந்ததெனக் கண்ட நீரிலேயே அதைக் கரைக்க வேண்டும்.

இரண்டாவது, கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல். பொதுச் சுகாதாரப் பரிசோதகரூடாகவோ, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களூடாகவோ இதைச் செய்விக்கலாம். மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ பல கிணறுகளுக்கு ஒன்றாக ஒழுங்குசெய்தால் எந்தக் கிணறு குழந்தைகளுக்கு உகந்தது என்பது ஊருக்கே தெரியவரும்.

மூன்றாவது, பசளையை ஒரே தடவையிற் கொட்டாமல் பயிரின் தேவைக்கேற்பப் பிரித்து இடுதல். பெருமழைக்கு முன் இடாதிருத்தல். வாய்க்கால் நிரம்பி வழிய இறைக்காதிருத்தல். கூட்டெருவையும் பசுந்தாளையும் சேர்த்து மண்ணின் பிடிப்பை வளர்த்தல். இரசாயனப் பசளை முற்றாக வேண்டாம் என்பது இதன் பொருளன்று. 2021 ஆம் ஆண்டில் அதன் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது விவசாயிகள் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. பயிருக்கு வேண்டிய அளவு, வேண்டிய நேரத்தில் என்பதே நாம் வேண்டுவது.

நான்காவது, குடிநீர்க் கிணற்றைத் தோட்டக் கிணற்றிலிருந்தும், மலசலகூடக் குழியிலிருந்தும் இயன்ற அளவு தூரத்தில் அமைத்தல்.

வேலிகள் மண்ணுக்கு மேலேதான் இருக்கின்றன. கீழே பாறைக்குள் நிற்கும் நீருக்கு வேலி இல்லை. என் தறையிற் கரைந்தது அயல்வீட்டுப் பிள்ளையின் புட்டிக்குள் வருகிறது. அயலவர் மண்ணிற் கரைத்தது என் வீட்டுக் குடத்துக்குள் வருகிறது. அயலாரை நேசித்தல் என்று கோவிலிற் கேட்பதை நமது கிராமங்களில் கடைப்பிடிக்கத் தொடங்கும் இடங்களுள் கிணற்றடியும் ஒன்று.

அந்தத் தாய் அடுத்த நாளிலிருந்து சந்திக்கு அப்பால் உள்ள ஒரு கிணற்றிலிருந்து குழந்தைக்கென ஒரு குடம் நீர் எடுத்து வரத் தொடங்கினார். அது ஏற்கெனவே பரிசோதிக்கப்பட்ட கிணறு. அவரது வீட்டுக் கிணற்று நீரும் ஒரு போத்தலில் ஆய்வுகூடத்துக்குப் போயிற்று. அவரோடு சேர்ந்து அந்த ஒழுங்கையில் இன்னும் நான்கு வீட்டார் தங்கள் கிணற்று நீரையும் கொடுத்தனுப்பினார்கள்.